தேனுவுக்கு மூன்று குதிரைகள்

1

இன்று ஐப்பசி முதல் சனி. தேனு குதிரையிலிருந்து விழுந்து சரியாக ஓராண்டு. ‘சரியாக’ என்பதில் கொஞ்சம் பிசகு உண்டு; ஆங்கில நாட்காட்டிப்படி இன்னும் இரண்டு நாள் பாக்கி. ஆனால் சனிக்குச் சனி வைத்து எண்ணுவது எங்கள் வீட்டில் பழகிவிட்டது. சனிக்கிழமைதான் இங்கே குதிரை நாள்.

பதினெட்டு ஆண்டுகளாக நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். மழைநீர் வடிகால்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. மனைவி செல்வி ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருக்கிறாள். எனக்கு ஊர் கண்டரமாணிக்கத்துக்குத் தெற்கே, அவளுக்கு நாச்சியாபுரம். ஒரே மகள் தேன்மொழி இங்கே பிறந்தவள். எட்டு வயதில் பள்ளித் தோழியோடு குதிரையேற்றக் கழகத்துக்குப் போனாள். பிறகு திரும்பி வரவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு மட்டும் மாலையில் வீட்டுக்கு வரும்.

சென்ற ஆண்டு அந்தச் சனிக்கிழமை காலை பத்தரைக்கு ஒரு தாழ்ந்த வேலியைத் தாண்டும்போது விழுந்தாள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் விபத்துப் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். ‘காயம்பட்ட உறுப்பு’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். அந்த எலும்புக்கு இவர்கள் சொல்லும் பெயர் பதினேழு ஆண்டுகளில் எனக்கு ஒருமுறையும் தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்தது, கட்டில் காலில் இடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் சொல்லும் பெயர்தான்: குதிரைமுகம். குதிரையிலிருந்து விழுந்தவளுக்குக் குதிரைமுகத்தில் அடி என்று எந்த மொழியில் எழுதினாலும் கேலி செய்வதுபோல் இருக்கும். செவிலியர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கி அவரே எழுதினார்.

அடுத்த கட்டம்: ‘விபத்துக்குக் காரணம் விலங்கா? ஆம், இல்லை.’ ‘ஆம்’ என்று குறியிட்டேன். வலி மருந்தின் மயக்கத்திலும் தேனு படுக்கையிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, அதை அடிங்க. பிஸ்கட் ஒண்ணும் செய்யல. நான்தான் சீக்கிரமா முன்னால சாஞ்சுட்டேன்.”

பிஸ்கட் என்பது குதிரையின் பெயர்.

“குதிரையில இருந்துதானம்மா விழுந்த?”

“மரத்துல இருந்து விழுந்தா மரமா காரணம்?”

அடித்து, ‘இல்லை’ என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டேன். அவளை உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு மணி பத்து நிமிடம். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் குறிப்பேட்டைத் திறந்து, என்ன செய்கிறேன் என்று தெரியாமலே ‘குதிரைமுகம்’ என்று எழுதினேன். அதன் கீழே இன்னொன்று. அவர்கள் வந்து என்னைக் கூப்பிட்டபோது பக்கத்தில் பதினொரு வரிகள் இருந்தன.

2

எங்கள் ஊரில் குதிரை கிடையாது. மாடு, ஆடு, கோழி, கழுதைகூட உண்டு. உயிருள்ள குதிரை ஒன்று ஊருக்குள் வந்ததாக என் நினைவில் இல்லை. நானே ஒரு குதிரையைத் தொட்டது நாற்பது வயதில், தேனுவைக் கழகத்தில் சேர்த்த அன்று. அது என் தோளில் தும்மியது.

ஆனால் அந்தச் சொல் இல்லாமல் ஊரில் ஒரு நாளும் விடிந்ததில்லை. அப்பா எங்கள் கிணற்று மோட்டாரை “அஞ்சு குதிர” என்பார். மின்சாரம் போய்விட்டால் “அஞ்சும் படுத்திருச்சு” என்று துண்டை உதறிக்கொண்டு வருவார். மோட்டார் அறையின் கதவிடுக்கில் கண்ணை வைத்து நான் அந்த ஐந்தையும் தேடியிருக்கிறேன். மழை குறைந்த வருடம் குதிரைவாலி சோறு. பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குக் குதிரைவால் சடை. தீபாவளித் துப்பாக்கியில் பொட்டுவெடியை அடிக்கும் இரும்புக்குப் பெயர் குதிரை. அது உடைந்தால் துப்பாக்கியே போச்சு. கோயில் திருவிழாவில் பொய்க்கால் குதிரை. சதுரங்கக் கட்டத்தில் கோணலாகத் தாவுவது குதிரை. ஆட்சி ஆட்டம் கண்டால் செய்தித்தாளில் குதிரை பேரம். பெண்ணுக்கு வரன் தேடி அலுத்தவர்கள் “குதிரக்கொம்பால்ல இருக்கு” என்று பெருமூச்சு விடுவார்கள்.

காரைக்குடியில் நான் தட்டச்சு படித்த கட்டடத்தின் மாடியில் ஒரு வீணை வகுப்பு இருந்தது. ஒரு நாள் வீணை ஆசிரியை அவசரமாகப் படியிறங்கி வந்து, “தம்பி, குதிரை சாஞ்சிருச்சு. ஒரு ஆட்டோ பிடிச்சுத் தாரீகளா?” என்று கேட்டார். குதிரைக்கு ஆட்டோவா என்று விழித்தேன். வீணையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டைக்கும் குதிரை என்று பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

பிறகு பச்சைக்குதிரை. குனிந்து நிற்பவன் முதுகில் கைவைத்துத் தாண்டும் ஆட்டம். இதில் என் அக்கா பஞ்சவர்ணத்தை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பாவாடையைச் செருகிக்கொண்டு ஓடி வந்தால் பையன்கள் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வார்கள். ஒருமுறை நான் பயத்தில் நிமிர்ந்துவிட்டேன். என் முன்பல்லின் நுனி போனது அன்றுதான். அம்மா அவளைத் திட்டிய சொல்லும் அதுவேதான்: “பொம்பளப் புள்ளையா இது, குதிர!”

மருத்துவமனையிலிருந்து வீடு வந்த இரண்டாம் வாரம் தேனுவுக்கு இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். அதற்குள் முப்பத்து நான்கு பதிவுகள் சேர்ந்திருந்தன. இங்கே துணி காயப்போடும் மடக்குச் சட்டத்தைத் துணிக்குதிரை என்கிறார்களே, அதையும் விடவில்லை. மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

“எல்லாமே குதிரை மாதிரி இருக்கிற வேற ஏதோதான். இதுல குதிரை எங்கப்பா?”

முப்பத்தைந்தாவதாக எழுதினேன்: குதிரை — ஒரு விலங்கு. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், ‘தேனு சொன்னது’.

3

எங்கள் பக்கத்தில் காரியம் ஒன்று கைகூட வேண்டுமானால் அய்யனாருக்கு மண் குதிரை வேண்டிக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துக் கொடுத்த பிறகே குதிரை செய்யும் வேளார் வேலையைத் தொடங்குவார். செய்து, சுட்டு, சுண்ணாம்பு பூசி, வண்ணமிட்டு முடித்ததும் ஊரே சேர்ந்து அவற்றைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகும். புரவி எடுப்பு என்று அதற்குப் பெயர். புறப்படும் அன்று காலையில்தான் குதிரைகளுக்குக் கண் வரைவார்கள். எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடும் உண்டு: வேண்டுதல் பலித்த குதிரைக்கு மட்டுமே கண். பலிக்காதது கண்ணில்லாமல் வேளார் கொட்டகையிலேயே அடுத்த எடுப்பு வரை நிற்கும்.

அறுவை நடந்துகொண்டிருந்தபோதே செல்வி அக்காவுக்குப் போன் செய்துவிட்டாள். “கால் நல்லபடியா சேந்தா ஒரு குதிர எடுத்து வைக்கிறோம்னு சொல்லிருங்க மதினி.” நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நான் கோயிலுக்குப் போகிறவன், வேண்டிக்கொள்கிறவன் அல்லன். நிறையப் படித்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். அன்று மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில், சீட்டு எடுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று, நானும் வேண்டிக்கொண்டேன். ‘இனி இவள் குதிரை ஏறக் கூடாது. ஏறாமல் இருந்தால் ஒரு குதிரை தருகிறேன்.’ அந்த வேண்டுதலில் இருந்த கோணல் அப்போது எனக்குத் தெரியவில்லை. பிற்பகல் ஒன்று இருபது என்று பென்சிலால் குறித்துவைத்தேன். வைகாசியில் பிடிமண் கொடுத்ததும் வேளாருக்குப் போன் செய்து தேனு பெயரில் ஒரு குதிரை சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கால் சேர்ந்தது. நாற்பத்தோராம் நாள் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பங்குனியில் ஓடினாள். வைகாசியில் மருத்துவர் சான்று கொடுத்தார். உடனே கழகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது: காயத்துக்குப் பின் மீண்டும் ஏறும் சிறார்க்குப் பெற்றோரின் சம்மதக் கையொப்பம். வசந்தகாலப் பருவம் தொடங்குமுன் சேர வேண்டும். தேனு அதைச் சாப்பாட்டு மேசையில் என் குறிப்பேட்டுக்குக் கீழே வைத்திருந்தாள்.

“அப்பா, அந்தப் பேப்பர்...”

“பாத்துட்டேன்.”

“சரி.”

அந்தச் ‘சரி’யைக் குறித்திருக்கிறேன். செவ்வாய், மாலை ஆறே முக்கால். அவள் கெஞ்சவில்லை, கதவை அறையவில்லை. மறுநாளிலிருந்து என்னிடம் மட்டும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். அம்மாவிடம் தமிழ், அத்தையிடம் போனில் தமிழ். என்னிடம் மரியாதையான, குறை காண முடியாத ஆங்கிலம். வங்கியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பேசுவதுபோல. நன்றி சொன்னாள். மன்னிக்கவும் என்றாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமைகளில் கழகத்துக்கு மட்டும் போவதை நிறுத்தவில்லை. ஏற அனுமதி இல்லை. சாணி அள்ளுவாள், குதிரைக்கு உடம்பு தேய்ப்பாள், மற்றப் பிள்ளைகள் தாண்டும் கம்பு விழுந்தால் எடுத்து வைப்பாள். நான் காரில் உட்கார்ந்து குதிரைப் பட்டியலில் எண்களைச் சேர்த்துக்கொண்டிருப்பேன். கண்ணாடிக்கு வெளியே அந்த முப்பத்தைந்தாவது பதிவு கழுத்தை நீட்டி அவள் சட்டைப்பையில் கேரட் தேடும்.

செல்வியிடம் ஒருநாள் சொன்னேன், “ஒரு கையெழுத்துதான் கேக்கிறாங்க. நீயே போடலாமே.”

“நான் போட மாட்டேன்.”

“ஏன்?”

“நான் போட்டு அவ போயி விழுந்தான்னு வைங்க, நீங்க என்னைய ஒரு வார்த்த சொல்ல மாட்டீக. சொல்லாமயே இருப்பீக, இருபது வருசத்துக்கு. அது எனக்கு வேணாம். போட்டா நீங்க போடுங்க. போடலேன்னா அதையும் நீங்களே அவகிட்டச் சொல்லுங்க.”

நான் இரண்டையும் செய்யவில்லை. படிவத்தை நான்காக மடித்துக் குறிப்பேட்டின் பின்னட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஆனி மாதம் இங்கே குளிர்கால விடுமுறை இரண்டு வாரம். அது புரவி எடுப்போடு ஒத்து வந்தது. செல்வியின் குதிரையைச் செலுத்த மூவரும் ஊருக்குப் புறப்பட்டபோது படிவமும் உடன் வந்தது.

4

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறாள். தேனுவை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆத்தீ! குதிர மாதிரில்ல வளந்து நிக்கிறா!”

ஊர்ப் பெண் யாராவது இதைக் கேட்டிருந்தால் முகம் சுருங்கியிருக்கும். தேனு பூரித்துப் போனாள். “தேங்க்ஸ் அத்தை!”

“எதுக்குடா இவ நன்றி சொல்றா?” என்று அக்கா என்னிடம் கேட்டாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு, “பிஸ்கட்டு நல்லா இருக்கா?” என்றாள். என்னைப் பற்றி விசாரிக்க அவளுக்கு மேலும் கால் மணி நேரம் ஆயிற்று.

எடுப்புக்கு முதல்நாள் மாலை வேளார் கொட்டகைக்குப் போனோம். முத்துக்கருப்ப வேளார் அக்காவோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவர். இடுப்பளவு உயரக் குதிரைகள் வெள்ளைச் சுண்ணாம்பில் இரண்டு வரிசையாக நின்றன. கழுத்தில் மணிகள், முதுகில் சிவப்புச் சேணம், இழுத்துப் பிடித்த கடிவாளம், திறந்த வாய். கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஒவ்வொன்றின் மார்பிலும் பெயர் எழுதிய துண்டுத்தாள். எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் வழக்கம். ‘தேன்மொழி’ என்று மூன்று குதிரைகளில் இருந்தது.

“வேளாரே, இதுல ஒரு பெயர் கூடுதலா இருக்கே.”

“கூடுதலா? இல்லையே தம்பி.” அவர் தம் நோட்டைப் பிரித்தார். “ஒண்ணு ஒங்க வீட்டம்மா சொன்னதா அக்கா வந்து சொன்னாக. ஒண்ணு நீங்க போன்ல சொன்னீக. இன்னொண்ணு அக்கா அவுக கணக்குல.”

செல்வி மெல்ல என் பக்கம் திரும்பினாள். “நீங்க போன்ல சொன்னீகளா?”

“ம்.”

“எனக்குத் தெரியாம? விபூதி வச்சுக்கச் சொன்னாலே யோசிக்கிற மனுசன்!” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கால் சேரணும்னா?”

அதற்குள் வேளார் வழக்கப்படி நோட்டில் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

“நாளைக்குக் கண்ணு வைக்கணும். என்ன வேண்டுதல், பலிச்சிருச்சான்னு சொல்லிருங்க. வீட்டம்மாது கால். அதுதான் நடந்து வந்து நிக்கிதே. அக்கா, ஒங்களது?”

“புள்ள திரும்பக் குதிர ஏறணும்னு,” என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

“தம்பி, ஒங்களது?”

எழுதுகிறவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ஏறக் கூடாதுன்னு.”

வேளார் பேனாவை நோட்டின்மேல் வைத்தார். ஒருமுறை என்னையும் ஒருமுறை அக்காவையும் பார்த்தார்.

“ஒரே புள்ளைக்கு ஏறணும்னு ஒரு குதிர, ஏறக் கூடாதுன்னு ஒரு குதிர. அய்யனாரு எதுல ஏறுவாரு, பாவம்?”

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையின் கடைசியில் ஒரு குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்த தேனு நிமிர்ந்தாள்.

“ஏறக் கூடாதுன்னு யாரு?” தமிழில்தான் கேட்டாள்.

“நான்.”

அவள் அருகில் வந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். நெற்றியைச் சுருக்கி, கணக்கைச் சரிபார்ப்பதுபோலக் கேட்டாள்: “குதிரை வேணாம்னு கேக்கிறதுக்கு, குதிரை குடுக்கிறீங்களா?”

“ஆமா.”

“இதுவா?” என் குதிரையைச் சுற்றி வந்தாள். முன்கால்களைத் தடவினாள். வாய்ப்பக்கம் வந்து நின்றுவிட்டாள். “இதுக்கு ரொம்ப வலிக்கும்.”

“மண்ணுக்கு வலியாம்மா?” என்றார் வேளார்.

“வாய் இப்படித் திறந்தா யாரோ கடிவாளத்தை ரொம்ப இழுக்கிறாங்கன்னு அர்த்தம், மாமா. பயந்தவங்கதான் இப்படி இழுப்பாங்க.”

வேளார் ரசித்துச் சிரித்தார். “எங்க அப்பன், பாட்டன் செஞ்ச அச்சு. இத்தன வருசத்துல ஒருத்தரும் குதிரை பக்கம் பேசல. நீதாம்மா மொதல்ல.” பிறகு என்னிடம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “அக்கா மாதிரியே இருக்கு தம்பி. பள்ளிக்கூட மணல்ல அவுக தாண்டுன தூரத்த நான் அளந்திருக்கேன். ஜில்லாப் போட்டிக்குக் கூப்புட்டாக. அந்தப் பேப்பர்ல மட்டும் ஒங்க அப்பா...”

“அத விடுங்க வேளாரே,” என்றாள் அக்கா. “எங்கப்பா பேனாவத் தொறக்கவே இல்ல. மூடியோடயே திருப்பிக் குடுத்துட்டாக. பேனா மை மிச்சம்.” அவளே சிரித்தாள்.

அந்தப் பேனாவை உள்ளேயிருந்து எடுத்து வந்து அப்பாவிடம் கொடுத்தவன் நான். திரும்ப வாங்கி வைத்தவனும் நானே. எனக்குப் பத்து வயது. எத்தனையோ அற்ப விஷயங்களுக்கு நாளும் நேரமும் வைத்திருக்கிறேன். அது என்ன கிழமை என்பது என்னிடம் இல்லை.

5

மறுநாள் காலை கொட்டகை முன் ஊரே கூடியிருந்தது. குதிரைகளுக்கு வேட்டி சுற்றி மாலை போட்டிருந்தார்கள். வேளார் குளித்து, ஈர வேட்டியோடு கையில் கறுப்பு மைக் கிண்ணமும் தூரிகையுமாக வரிசையில் வந்தார். கண் விழுந்ததும் ஒவ்வொரு குதிரையும் ஒரு கணத்தில் வேறாயிற்று. அதுவரை அது பொருள், பிறகு யாரோ. பெண்கள் குலவையிட்டார்கள்.

செல்வியின் குதிரைக்குக் கண் வைத்தார். அவள் கைகூப்பி நின்றாள். அடுத்தது அக்காவுடையது.

“எனக்கு இன்னும் பலிக்கல,” என்றாள் அக்கா. “அது நிக்கட்டும். அங்குட்டுப் போங்க.”

வேளார் என் குதிரையின் முன் வந்து தூரிகையை மையில் தோய்த்தார்.

“ஒங்களது பலிச்ச மாதிரிதான தம்பி? புள்ள ஏறலயே.”

கணக்குப்படி அவர் சொன்னது சரி. விழுந்த நாளிலிருந்து அன்று வரை ஒன்பது மாதம், ஒருமுறைகூட அவள் ஏறவில்லை. என் குறிப்பேடு முழுக்க அதற்குச் சான்று. நான் தலையசைத்தால் போதும். அதற்குக் கண் வந்துவிடும், ஊர் தூக்கிப்போய் அய்யனார் முன் வைத்துவிடும். பிறகு என்றென்றைக்கும் அது பலித்த வேண்டுதல்.

தேனு சற்றுத் தள்ளி, அக்காவின் கண்ணில்லாத குதிரைக்கு இடப்பக்கம் நின்றிருந்தாள். நிஜக் குதிரையை நடத்திப்போக எங்கே நிற்பாளோ அதே இடம். வலது கை அதன் கழுத்தில் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத முகம் அது. அந்த முகத்தைத்தான் நான் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பலிக்கல,” என்றேன்.

“பலிக்கலயா?”

“இல்ல.”

தெரிந்தே தவறான பதிவு ஒன்றை அதுவரை நான் செய்ததில்லை. அதை உடனே உண்மையாக்கியாக வேண்டும். குறிப்பேட்டின் பின்னட்டையிலிருந்து படிவத்தை எடுத்துப் பிரித்தேன். சட்டைப்பையில் பென்சில்தான் இருந்தது. வேளாரின் நோட்டில் செருகியிருந்த பேனாவை அக்கா எடுத்தாள். மூடியைக் கழற்றிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

அவளுடைய குதிரையின் முதுகில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நாளும் நேரமும் எழுதினேன். என் உள்ளங்கைச் சுண்ணாம்பு தாளில் பதிந்துவிட்டது. தேனுவிடம் கொடுத்தேன். அவள் அதை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தாள். எந்தக் கட்டமும் விடுபடவில்லையே என்று பார்ப்பதில் அவள் என் மகள்தான். பிறகு மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

“வேளாரே,” என்றாள் அக்கா. “இங்குட்டு வாங்க. இதுக்குக் கண்ணு வைங்க.”

இரண்டு குதிரைகளையும் கம்பு கட்டித் தூக்கினார்கள். கோயில் வரை இரண்டு கல் தூரம், அக்காவின் குதிரைக்கு இடப்பக்கமாகவே தேனு நடந்தாள். மேடு வரும்போதெல்லாம் பிஸ்கட்டிடம் பேசும் அதே தாழ்ந்த குரலில் அதனிடம் ஏதோ சொன்னாள். எந்த மொழியில் என்று பின்னால் வந்த எனக்குக் கேட்கவில்லை.

6

திரும்பி வரும்போது இந்த நாட்டு விமான நிலையத்தில் ஒரு சீட்டு நிரப்ப வேண்டும். மண், விதை, விலங்குப் பொருள் ஏதும் கொண்டுவருகிறீர்களா? ‘ஆம்’ என்று குறியிட்டேன். கையுறை அணிந்த அதிகாரி என்னவென்று கேட்டார். தேனு பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதில் இருந்த வெள்ளைக் கைத்தடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒரு ஈரத்தாளால் ஓரங்களைத் துடைத்துத் திருப்பித் தந்தார். கையெழுத்து அழியவில்லை. “இவர் எப்பவும் இப்படித்தான்,” என்று தேனு அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகச் சொன்னதுபோல் எனக்குத் தோன்றியது. உறுதியாக எழுத முடியாது.

ஆவணியில் ஏறினாள். முதலில் நடை, பிறகு மெல்லோட்டம். என்னிடம் பேசும் மொழி ஒரே நாளில் மாறிவிடவில்லை. காரில் ஏறும்போது ஆங்கிலமாக இருப்பது, கழகம் போய்ச் சேரும்போது பாதி தமிழாகியிருக்கும்.

போன வாரம் அக்கா என் குதிரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கொட்டகையின் மூலையில் தனியாக நிற்கிறது. முதுகில் வேளார் வீட்டுத் துண்டு காய்கிறது. அந்த வகையில் அதுவும் ஒரு துணிக்குதிரை ஆகிவிட்டது. கீழே அவள் குரல் பதிவு: “வேளாரு கேக்குறாக, அடுத்த எடுப்புக்கு ஒன் குதிரைக்குக் கண்ணு வைக்கலாமான்னு.” வேண்டாம், அப்படியே நிற்கட்டும் என்று பதில் அனுப்பினேன். பட்டியலில் அதற்கு அறுபத்திரண்டாம் எண்: கண் திறக்காத குதிரை. என்னுடையது.

இன்று காலை பத்தரைக்கு அதே தாழ்ந்த வேலி. ஓராண்டுக்குப் பிறகு முதல் தாவல். செல்வி வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு இன்று விடுமுறை என்று எனக்குத் தெரியும். நான் காரைவிட்டு இறங்கி மைதான ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேனு அந்தக் கோடியிலிருந்து பிஸ்கட்டைத் திருப்பினாள். குளம்பொலி நெருங்கியது. வேலிக்கு ஆறேழு அடி இருக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒலி நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு மறுபடி தொடங்கியது. அதே தாளத்தில், என்னைக் கடந்து தூரமாகப் போயிற்று. அதன் பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

அவள் அங்கேயிருந்து திரும்பி, தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு கத்தினாள்.

“அப்பா! பாத்தீங்களா?”

“பாத்தேன்!” என்று நானும் கத்தினேன்.

காருக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்தேன். ஐப்பசி முதல் சனி, காலை பத்து முப்பத்தாறு. தேனு தாண்டினாள். நான் பார்க்கவில்லை; கேட்டேன்.